விழுந்து கும்பிடுற பொண்ணு

ஒண்ணு கேக்கலாமாம்மா? தப்பா நினைக்கக் கூடாது. இடுப்புல சேலைக்கு மேல கட்டியிருக்கீகளே, அது இடுப்புவலி பெல்ட்டுதானே? மாட்டுத்தாவணியில ஏறுனதுலேருந்து அதையேதான் பாத்துக்கிட்டு வாறேன். இப்படி ஊரறியக் கட்டிக்கிட்டு வாறீகளே, வீட்டுல ஒண்ணும் சொல்றதில்லையா? அதுசரி. வலிக்குது, கட்டியிருக்கேன்னு ஒரே வார்த்தையில சொல்லிப்புட்டீக. உங்களுக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளும் பெருசாயிருக்கும். நீங்க சொல்லலாம். கட்டிக்கொடுக்க வேண்டிய பொண்ணு இதைக் கட்டுனா என்ன ஆகும்னு என்னையக் கேளுங்க.

நான் வில்லாபுரம். அருப்புக்கோட்டைக்குப் போறேன், எம் மகளை ஆடிக்கு அழைக்க. ஆனியில கட்டிக்கொடுத்தோம், ஆடி பொறந்துருச்சு. புதுப்பொண்ணு ஆடியில தாய்வீட்டுல இருக்கணுமில்ல? இந்த ஆடிக்கு நான் காத்துக்கிடந்தது எனக்குத்தான் தெரியும். வீட்டுக்குக் கூட்டியாந்து, பாயை விரிச்சு, ஆடி முடியுற வரைக்கும் படுடின்னு படுக்கப் போட்டுருவேன். ஒரு துரும்பை எடுத்து வைக்க விட மாட்டேன்.

அவ பேரு நாகஜோதி. மதுரையில ஒரு பெரிய ஜவுளிக்கடையில பட்டு செக்சன்ல நின்னா. நின்னான்னா நின்னாதான், உக்காரவே கூடாது. காலையில கடை தொறக்கையில நின்ன காலு, ராத்திரி ஷட்டரை இறக்குறப்பதான் மடங்கும். குனிஞ்சு எடுக்கணும், விரிச்சுக் காட்டணும், மடிக்கணும், திரும்பக் குனிஞ்சு அடுக்கணும். வாறவுக கடையவே கலைச்சுப் போட்டுட்டு, டிசைன் ஒண்ணும் சரியில்லையேன்னு எந்திரிச்சுப் போயிருவாக. அப்படி நின்னு நின்னு, குனிஞ்சு குனிஞ்சு, இடுப்பு விட்டுப்போச்சு.

டாக்டரு படம் எடுத்துப் பாத்தாரு. எலும்புக்கு நடுவுல இருக்கிற சவ்வு பிதுங்கியிருக்குன்னாரு. ஆபரேசன் எல்லாம் வேண்டாம், வேலை பாக்கிறப்ப இந்த பெல்ட்டைக் கட்டிக்க, சொல்லிக்கொடுக்கிற பயிற்சியைப் பண்ணு, குனியாத, வெயிட்டு தூக்காதன்னு சொல்லி அனுப்பிட்டாரு. சொல்றது லேசு. குனியாம எந்தப் பொம்பளைம்மா பொழைக்க முடியும்?

இவளும் வாங்கிக் கட்டுனா. கடையில யூனிபாரம் சேலைக்கு மேல கட்டக் கூடாதுன்னுட்டாக, பட்டு எடுக்க வாறவுக கண்ணுல படக் கூடாதாம். உள்ள கட்டுனா வேர்த்து ஊத்தி இடுப்பெல்லாம் வேர்க்குரு. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமா அதைப் பிரிப்பா. 'சர்ர்'ருன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த ஒட்டுப்பட்டை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுரக் கூடாதேன்னு டிவியைக் கூட்டி வச்சுருவேன். ஒரு தாயி பிள்ளைக்காக என்னதான் செய்ய மாட்டா?

அப்படியும் தெரிஞ்சுபோச்சு. துவைச்சு மாடியில காயப்போட்டிருக்கா, இந்தக் கழுதை. கல்யாணத் தரகரு வந்தவரு கண்ணுல பட்டுருச்சு. அப்ப ஒரு இடம் கிட்டத்தட்ட முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. அவுக காதுக்குப் போய்ச் சேருறப்ப, பொண்ணுக்கு முதுகுத்தண்டுல ஆபரேசனாம், உள்ள கம்பி வச்சிருக்காம்னு போய்ச் சேர்ந்துச்சு. தட்டிப்போச்சு. வந்த கோவத்துல அந்தப் படம், சீட்டு எல்லாத்தையும் சுக்குநூறாக் கிழிச்சுக் குப்பையில போட்டேன். "படத்தைக் கிழிச்சா இடுப்பு சரியாயிருமாம்மா?"ன்னு கேக்குறா. அவளுக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்.

அதுக்கப்புறம்தான் இந்த அருப்புக்கோட்டை இடம் வந்துச்சு. மாப்பிள்ளை ஜெயமுருகன், மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு. குடி கிடையாது, ஒரு பீடி கிடையாது. அப்பா இல்லை. அவுக அம்மா வேலம்மா, பெரியப்பா குருசாமி, பெரியம்மா, எல்லாரும் ஒரே வீடு. பெரியப்பா சொல்றதுதான் அங்க சட்டம். ஆனா மனுசன் அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. இப்பேர்ப்பட்ட இடத்தை விட முடியுமா?

பொண்ணு பாக்க வந்தாக. இவ பெல்ட்டைக் கட்டி, அதுக்கு மேல பட்டைச் சுத்திக்கிட்டு நிக்கிறா. இடுப்பு உரல் மாதிரி இருக்கு. பாக்குறவுக முழுகாம இருக்காளோன்னு நினைச்சுற மாட்டாக? கழட்டுடின்னேன். "காலையிலேருந்து வீட்டைக் கழுவிவிட்டு நிமிர முடியலம்மா"ங்கிறா. "காபியைக் கொடுத்து, விழுந்து கும்பிட்டுட்டு உள்ள வந்துரு, அடுத்த நிமிசம் நானே கட்டி விடுறேன்"னு சொல்லி நான்தான் கழட்டுனேன்.

காபியெல்லாம் நல்லாத்தான் கொடுத்தா. பெரியப்பாவையும் பெரியம்மாவையும் கிழக்கே பாக்க நிக்கவச்சு, விழுந்து கும்பிடும்மான்னேன். விழுந்தா. விழுந்தவ எந்திரிக்கல.

முட்டி போட்டு, நெத்தி தரையில, கை ரெண்டையும் முன்னாடி நீட்டி, அப்படியே கிடக்கா. "நல்லாயிரு தாயி, எந்திரி"ன்னாரு பெரியப்பா. கிடக்கா. "போதும்மா, எந்திரிம்மா"ன்னாக பெரியம்மா. கிடக்கா. எனக்கு வெளங்கிருச்சு, இடுப்பு பிடிச்சுக்கிருச்சு. எங்க வீட்டுல அவுக என் மூஞ்சியைப் பாக்குறாக. அவுக மில்லுல வாட்ச்மேனு, ஊரு சொத்தையெல்லாம் காப்பாத்துவாக, வீட்டுல ஒண்ணுன்னா என் மூஞ்சியைத்தான் பாப்பாக. அந்த நேரம் எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ, மீனாட்சிதான் நாக்குல வந்து உக்காந்தா. சொன்னேன்: "பெரியவுக கையால திருநீறு பூசுற வரைக்கும் எம் மக தலையைத் தூக்க மாட்டாளுங்க. சின்னப்பிள்ளையிலேருந்து அப்படியே வளத்துட்டேன்."

பெரியப்பாவுக்குக் கண்ணு கலங்கிருச்சும்மா. "இப்ப வாற பிள்ளைக ஒரு கையில செல்போனை வச்சுக்கிட்டு, மறு கையால முழங்காலைத் தொட்டுட்டுப் போகுதுக. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!"ன்னு சொல்லி, சாமி படத்துக்கிட்ட இருந்த திருநீறை எடுத்தாரச் சொல்லி, குனிஞ்சு பூசி விட்டாரு. நான் கொஞ்சுற சாக்குல ரெண்டு கையையும் கொடுத்து அள்ளித் தூக்கி எம் மேல சாச்சுக்கிட்டேன். மூஞ்சியெல்லாம் வேர்வை, கண்ணுல தண்ணி. "ஆனந்தக் கண்ணீரைப் பாருங்க"ன்னாக வேலம்மா. போய் யோசிச்சுச் சொல்றோம்னு வந்தவுக, அன்னைக்கே பூ வச்சுட்டுப் போனாக.

இதை ஆண்டவன் செயல்னு சொல்லாம என்னன்னு சொல்றது? அந்த நேரத்துல அந்தப் பிடிப்பு பிடிக்கலேன்னா இந்த இடம் முடிஞ்சிருக்குமா?

அதோட விட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். விடலையே. அருப்புக்கோட்டையில இதே பேச்சாம். குருசாமி வீட்டுல ஒரு பொண்ணு எடுத்திருக்காக, விழுந்துச்சுன்னா ஆசீர்வாதம் வாங்காம எந்திரிக்காதாம்னு. உடனே கிளம்பிட்டாக பாருங்க. அத்தைக்காரி வந்தா. சித்தி குடும்பம் வந்துச்சு. ஒரு சித்தப்பா, மதுரைக்கு வேற சோலியா வந்தேன், அப்படியே பொண்ணைப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேங்கிறாரு. காபி வேண்டாங்கிறாக, பலகாரம் வேண்டாங்கிறாக. "பிள்ளையை விழச் சொல்லுங்க"ங்கிறாக. அந்தச் சித்தப்பா செல்போனுல வீடியோ வேற எடுத்துக்கிட்டாரு.

ஒவ்வொரு தடவையும் விழுவா, கிடப்பா, நான் தூக்குவேன். ஆனா ஒண்ணு சொல்லணும்மா, எம் மகளுங்கிறதுக்காகச் சொல்லல, அவ விழுற அழகே தனி. முந்தானையை ஒதுக்கி, முட்டியை மடக்கி, மெல்ல மெல்ல இறங்குவா. வலிக்குப் பயந்து மெல்ல இறங்குறாதான். பாக்குறவுகளுக்கு அது தெரியாதே.

ஒரு கூட்டம் வந்துட்டுப் போன மறுநாள், வலது காலு மரத்துப்போச்சுன்னு வேலைக்குப் போகல. அப்புறம் போகவே இல்லை. "அம்மா, சொல்லிரு. உனக்கு வாய் வரலேன்னா நான் சொல்றேன்"னா. கல்யாணம் முடியட்டும்டி, அப்புறம் அவுக பிள்ளை, அவுகளே வைத்தியம் பாப்பாகன்னேன். "கல்யாணத்துல எத்தனை பேரு கால்ல விழணும்னு நினைச்சுப் பாத்தியா?"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. சத்தியமா அதை நான் நினைச்சே பாக்கல.

அவ என்ன செஞ்சா தெரியுமா? எனக்குத் தெரியாம மாப்பிள்ளைக்குப் போன் போட்டு எல்லாத்தையும் சொல்லிப்புட்டா. எனக்கு உசுரே போயிருச்சு. ஆனா மாப்பிள்ளை தங்கமான மனுசன். "அதனால என்ன? மோட்டாரைத் தூக்கித் தூக்கி எனக்குந்தான் வலிக்குது. நான் பாத்துக்கிறேன். ஆனா அம்மாகிட்டயும் பெரியப்பாகிட்டயும் இப்பச் சொல்லிக்கிற வேண்டாம். அவுகளுக்கு உன்னைப் பிடிச்சதே அந்தப் பணிவுக்காகத்தான்"னு சொன்னாராம். எம்புட்டுப் பெரிய மனசு பாருங்க. இவ என்னடான்னா போனை வச்சுட்டு, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நல்லது சொன்னாலும் ஏத்துக்கத் தெரியணுமில்ல?

கல்யாணத்தன்னைக்கும் பெல்ட்டு கட்ட முடியல. அந்த ஒட்டுப்பட்டை பட்டா கூறைப்பட்டுல நூலைப் பிச்சு இழுத்துரும், அவளே பட்டுக்கடையில இருந்தவ, அவளுக்கே தெரியும். தாலி ஏறுனதும் தொடங்குச்சு. வரிசையில நிக்கிறாக பெரியவுக. மாப்பிள்ளை குனிஞ்சு தொட்டுட்டு நிமிந்துருவாரு. இவதான் பேரு வாங்குனவளாச்சே, முழுசா விழணும். திருநீறு பூசுற வரைக்கும் கிடக்கணும். கேமராக்காரன் வேற, "அப்படியே இருங்க, அப்படியே இருங்க"ங்கிறான். நான் பக்கத்துலயே நின்னு கையைக் கொடுத்துக் கொடுத்துத் தூக்குறேன். பெத்தவ பிரிய மாட்டாம ஒட்டிக்கிட்டே நிக்கிறா பாருன்னு பின்னாடி ஒரு அம்மா கண்ணைத் தொடைக்குது.

கடைசியில எங்க முறை. நானும் அவுகளும் நிக்கிறோம். எங்க கால்ல விழுந்தா. அவுக திருநீறு பூசுனாக, நானும் பூசுனேன். தலையைத் தூக்கல. குனிஞ்சு, எந்திரி கண்ணுன்னேன். மூஞ்சியைத் தரையில வச்சுக்கிட்டே, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி சொன்னா: "முடியலம்மா. இப்பவாவது சொல்லு."

நான் என்ன கல்லா? நிமிந்தேன். மண்டபமே கேக்கச் சொன்னேன். ஆமா, சொன்னேன். "எம் பொண்ணுக்கு இடுப்பு சரியில்லைங்க. சவ்வு பிதுங்கியிருக்குங்க. விழுந்தா அவளால எந்திரிக்க முடியாது. அது பணிவு இல்லைங்க, வலிங்க"ன்னு சொல்லிப்புட்டேன். வாறது வரட்டும்னு நிக்கிறேன்.

பெரியப்பா சிரிச்சாரு. "பாத்தீகளா பெத்தவ புத்தியை! ஊரே மெச்சுதே, பிள்ளைக்குக் கண்ணு பட்டுறக் கூடாதுன்னு குறை சொல்லிக் காட்டுறா"ன்னாரு. அம்புட்டுத்தான். மண்டபம் பூராம் சிரிப்பு. நாமளுந்தானேம்மா சொல்லுவோம்? பிள்ளை கொழுகொழுன்னு இருந்தா, எங்க, சோறே இறங்க மாட்டேங்குதும்போம். முதல் ரேங்கு எடுத்தா, சுமாராத்தான் படிக்கிறான்னு சொல்லுவோம். அப்படி நினைச்சுப்புட்டாக. இல்லைங்க, நெசமாத்தாங்கன்னேன். "அடேயப்பா, சத்தியம் பண்ணாத குறைதான்"ங்கிறாக. நான் சொல்லச் சொல்லச் சிரிக்கிறாக. வேலம்மா ஓடியாந்து, குனிஞ்சு, கிடக்கிறவ தலையைச் சுத்தி நெட்டி முறிச்சாக. விரலு பூராம் படபடன்னு சொடக்கு விழுந்துச்சு. "எம்புட்டுக் கண்ணு பாருங்க மதினி"ன்னாக. பெரியப்பா உடனே பூசணிக்காய் சுத்தி உடைக்கச் சொன்னாரு. எம் மக உள்ள தரையில கிடக்கா, இவுக வாசல்ல பூசணிக்காய் உடைக்கிறாக.

சரி, வாழப்போன இடத்துல பெல்ட்டாவது கூட இருக்கட்டும்னு, சீர்ப் பெட்டியில சேலைக்கு அடியில வச்சு அனுப்புனேன். பெட்டியைத் தொறந்தது வேலம்மா. அவுகளுக்கும் இடுப்பு வலி உண்டாம், எனக்கு எங்க தெரியும்? "அத்தைக்கு இடுப்பு வலின்னு யாரு சொன்னா உனக்கு? எனக்குன்னு பாத்து வாங்கியாந்திருக்கியே ராசாத்தி"ன்னு கட்டிப்பிடிச்சு அழுதிருக்காக. இவ என்னத்தைச் சொல்லுவா? வேற எவளாவதுன்னாலும் என்னத்தைச் சொல்லுவா? இப்ப அதை அவுகதான் கட்டிக்கிட்டுத் திரியிறாக. மருமக வாங்கிக் கொடுத்ததுன்னு வாற போறவுககிட்டயெல்லாம் காட்டுறாகளாம்.

ஜோதியும் சும்மா இருக்கல. மாமியாகிட்ட வாயைத் தொறந்து, எனக்கும் இடுப்பு வலி அத்தைன்னு சொல்லியிருக்கா. "உங்கம்மா மாதிரியே உன்னை நீயே குறைச்சுச் சொல்லிக்கிறியே, உன் வயசுல ஏது வலி?"ன்னுட்டாகளாம். தினம் காலையில பெரியவுக கால்ல விழணும் அங்க. ஒரு நாள் விழாம இருந்து பாத்திருக்கா. பெரியப்பா அன்னைக்குப் பூராம் சாப்பிடலையாம். பிள்ளை மனசை யாரு நோகடிச்சான்னு வீட்டுல ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிச்சாராம். மறுநாள் விழுந்துட்டா. கொடுமைக்காரங்கன்னா சண்டை போடலாம். இவுக தாங்குறாகம்மா. தாங்குறவுககிட்ட என்னன்னு சண்டை போடுறது?

மாப்பிள்ளை? கடையில நிறைய வேலையாம். பாத்துக்கிறேன் பாத்துக்கிறேன்னுதான் சொல்றாராம்.

நேத்து வேலம்மா போன் பண்ணாக. சந்தோசமாத்தான் பேசுனாக. "வாங்க மதினி, வந்து கூட்டிட்டுப் போங்க. ஆடிக்குப் போற பிள்ளை எல்லாருகிட்டயும் ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போகட்டும்னு பங்காளி வீட்டையெல்லாம் வரச் சொல்லியிருக்கோம். இந்தத் தெருவுல பாக்காதவுக நிறையப் பேரு இருக்காக"ங்கிறாக. பின்னாடி சேரு இழுத்துப் போடுற சத்தம் கேக்குது. ஜோதிகிட்டக் கொடுங்கன்னேன். அவ வாங்கி, "வாம்மா"ன்னா. அம்புட்டுத்தான். சண்டை போடலை, ஏம்மா பெல்ட்டைக் கழட்டுனேன்னு கேக்கல. வாயாடுவாளே எம் மக. ராத்திரி பூராம் அந்த ஒரு 'வாம்மா'தான் காதுக்குள்ள இருக்கு.

நான் ஒண்ணு கேட்டாச் செய்வீகளாம்மா? எங்கூட இறங்கி, ஒரு எட்டு வந்து சொல்லுங்களேன். வீடு பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டத்தான். நீங்க யாரோ எவரோ. நீங்க சொன்னா கண்ணுக்குப் பயந்து சொல்றீகன்னு சொல்ல முடியாதில்ல? பெத்தவ சொன்னாத்தான் நம்ப மாட்டேங்கிறாக. இந்தப் பிள்ளைக்கு நெசமாவே வலிக்குதுன்னு ஒரு வார்த்தை. அதை மட்டும் சொல்லிட்டு நீங்க அடுத்த பஸ்ஸுல போயிரலாம்.

பந்தல்குடி வரைக்கும் போகணுமா? உங்களுக்காகப் பிள்ளைக பஸ் ஸ்டாப்புல நிப்பாகளா? அப்ப முடியாதுதான். வாய்விட்டுக் கேட்டுப்புட்டேன், மனசுல வச்சுக்காதீக.

அந்தா, காந்தி நகர் தாண்டிருச்சு, அடுத்து பஸ் ஸ்டாண்டுதான். நான் எந்திரிக்கணும். அந்தக் கூடையை மட்டும் எடுத்துக் கொடுங்க. இல்லையில்லை, நீங்க குனியாதீக, நானே எடுத்துக்கிறேன்.

ஏம்மா, இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்களுக்கும் எப்பவாவது இப்படிப் பிடிச்சுத் தரையில கிடந்திருப்பீகள்ல? யாராவது தூக்கியிருப்பாகள்ல? வலிக்காமத் தூக்கணும்னா எங்கிட்டுக் கையைக் கொடுக்கணும்? நான் கக்கத்துலதான் கொடுக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிக்கிறா. இடுப்புல கொடுக்கணுமா? முதல்ல ஒருக்களிச்சுத் திருப்பணுமா? சீக்கிரம் சொல்லுங்கம்மா, கண்டக்டர் விசில் அடிக்கிறாரு.